"உள்ளேன் ஐயா"

பள்ளியிற் பெயர் அழைக்குங்கால் மாணாக்கன் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்று விடையிறுத்தல் வழக்கம். முப்பத்தாறு ஆண்டுகள் அவ்விடையைக் கேட்டுப் பதிவேட்டிற் குறித்துவந்த ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றபின் ஆண்டுக்கொருமுறை தாமே அவ்விடையைக் கூறவேண்டியவராகின்றார். கேட்குமிடம் கருவூலம். ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருத்தலைக் காட்டும் அந்நேர்காணலுக்கு எம் பாட்டனாருடன் ஒருநாள் சென்ற யாம், ஆங்குக் கண்டனவும் கேட்டனவும் அன்பர்க்கு எழுதத் துணிந்தேம்.

பாட்டனார் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியராயிருந்து 1998-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். இக்காலத்தில் தபால்காரரே இல்லம் வந்து, கைரேகை பெற்று, உயிர்வாழ் சான்றினை அனுப்பும் வசதியுண்டு. ஆதலின், "காலில் நோவுடன் தாங்கள் அலைவானேன்?" என்று வினவினேம். "தம்பி, என் பெயரை எழுதி வைத்திருப்பவர் என் முகத்தைப் பார்க்கட்டும், நானும் அவர் முகத்தைப் பார்க்கிறேன்" என்றார். அதனை முதுமையின் பிடிவாதமென்றே அன்று கருதினேம்.

கருவூலத்தின் தாழ்வாரத்து விசிப்பலகையில் முதியோர் பலர் தத்தம் ஓய்வூதியப் புத்தகத்தை மடியில் வைத்து வீற்றிருந்தனர். அவருள் மூத்தார் ஒருவர் தம் தந்தையார் காலத்தை எடுத்துரைத்தார். சேமநிதி, காப்புறுதி, ஓய்வூதியம் என்னும் மூன்று நலன்களையும் ஒருங்கே தரும் திட்டம் சென்னை மாநிலத்தில் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு வந்தது 1955-ஆம் ஆண்டில். அதற்குமுன் ஓய்வு பெற்ற தம் தந்தையார், இறுதிநாள்வரை வீட்டுத் திண்ணையிற் பிள்ளைகட்குப் பாடஞ்சொல்லியே உண்டனர் என்று கூறுங்கால் அவர் குரல் தழுதழுத்தது. மற்றொருவர் நகாரா வழக்கை நினைவூட்டினார். ஓய்வூதியம் ஆள்வோர் மனமுவந்து அளிக்கும் ஈகையன்று, பணி செய்தார்க்குரிய உரிமையே என உச்சநீதிமன்றம் 1982 டிசம்பர் 17-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்நாளையே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

இவரெல்லாம் இத்துணை நம்பிக்கையோடிருக்க, எம் இல்லத்திலேயே அந்நம்பிக்கை இல்லாதார் ஒருவர் உளர். அவர் எம் அத்தையார். 2004-ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியேற்றவர். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பணியிற் சேர்ந்தார்க்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பிடிக்கப்பெற்றது. அரசும் அதற்கு ஈடாகச் செலுத்தியது. ஆயின் முன்னைய முறையிற்போல, ஓய்வுக்குப்பின் திங்கள்தோறும் இவ்வளவு வருமென்னும் உறுதி அதில் இருந்திலது. பழைய முறையை மீண்டும் வேண்டி 2019 சனவரியில் ஆசிரியரும் அரசு ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தபோது அத்தையாரும் தெருவில் நின்றார்.

நேர்காணல் முடிந்து மீண்ட அன்று மாலை, "அரசு நம்மைக் கைவிடாது, அம்மா" என்றார் பாட்டனார். "அப்பா, உங்கள் கையில் புத்தகம் இருக்கிறது. என் கையில் கணக்குச் சீட்டுத்தானே இருக்கிறது!" என்றார் அத்தையார். பாட்டனார் மறுமொழி கூறாது நெடுநேரம் இருந்தார். ஆசிரியத் தொழிலையே நாடி இக்கல்லூரியிற் பயிலும் எமக்கு அன்றிரவு உறக்கம் வந்திலது.

பாட்டனாரின் நம்பிக்கை எங்ஙனம் பிறந்ததென ஆராய்ந்தேம். முன்னோர் ஆண்டில், அவர் பெயரில் ஓரெழுத்துப் பிழைபட்டமையால் இரண்டு திங்கள் ஓய்வூதியம் நின்றுவிட்டது. எண்பதை அணுகிய ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத் தலைவர், தாளைக் கையிலேந்திப் படிப்படியாய் ஏறியிறங்கினார். பிழை திருந்தி, நின்ற பணமும் வந்தது. அத்தலைவர் ஆண்டுதோறும் சந்தாக் கணக்கை ஒரு ரூபாயும் விடாது கூட்டத்திற் படித்துக் காட்டுபவர். பாட்டனார் பிழையே நேராதென நம்பினாரல்லர். நேர்ந்தால் விடைகூற ஒருவர் உளர் என்றே நம்பினார். அத்தையார்க்கு இல்லாதது அந்த விடையே. முகத்தைப் பார்க்கவேண்டுமென்று பாட்டனார் கூறியதன் பொருளும் அப்பொழுதே எமக்கு விளங்கிற்று.

கண்காணிப்பாளன் தன் தலைவனுக்குக் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன் என்பதைத் திருமறை உவமையொன்றில் இளமையிலேயே கேட்டுளேம். பிறர் உழைப்பின் பயனைக் காப்போர் அனைவரும், சங்கத் தலைவராயினும் நாடாள்வோராயினும், அத்தகைய கண்காணிப்பாளரே. ஆண்டுதோறும் முதியாசிரியரை அழைத்து, "உளீரோ?" என வினவும் உரிமை அவர்க்குண்டு. அங்ஙனமே ஆசிரியர், "யாம் ஈட்டியது உளதோ?" என வினவுங்கால், அவரும் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என விடையிறுத்தலன்றோ முறை?