எந்நூல் நன்னூல்?

நூல் என்னும் சொல் ஏட்டையும் குறிக்கும், இழையையும் குறிக்கும் என்பதைத் தமிழ் பயிலும் மாணவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நன்னூற் பாயிரத்தில் பவணந்தி முனிவர் இவ்விரண்டையும் உறவாக்கிக் காட்டுகிறார். அவர்க்குச் சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் மகள், அவன் வாயே கை, அறிவே கதிர். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பதுபோல மனக்கோணலை ஏட்டு நூல் தீர்க்கும் என்றும் உரைக்கிறார். கொங்கு நாட்டுச் சீனாபுரமே அவருடைய ஊர் என்று கருதும் அறிஞர் உளர். அவ்வாறாயின், பருத்தியும் கதிரும் நிறைந்த மண்ணில் வாழ்ந்தவர்க்கு அவ்வுவமை தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும் பவணந்தியார் பேசியது நூற்கப்படும் நூல். நான் இங்கு எழுத எண்ணியது ஊசியில் கோக்கப்படும் நூல். இரண்டும் ஒன்றன்று என்பதை அறிய எங்கள் வீட்டிற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

எங்கள் ஊர் குண்டடம். தாராபுரம் வட்டத்தைச் சேர்ந்தது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமையும்வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. வானம் பார்த்த பூமி. ஆடிக்காற்று வீசத் தொடங்கினால் வாசலில் காயும் துணி மண்ணின் நிறம் பெறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நடப்பட்ட காற்றாலைகள் எங்கள் பக்கத்துக் காடுகளில் பயிரினும் உயரமாக நிற்கின்றன. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் ஊர்ப்பெண்கள் பனியன் கம்பெனிப் பேருந்தில் ஏறினர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டோருள் குலாம் காதர் சாகிபின் பெயர் முதன்மையாகச் சொல்லப்படும். அந்த வித்து இன்று எங்கள் ஊர்வரை வேர்விட்டுள்ளது. என் அக்காவும் ஓவர்லாக் டெய்லராகப் பல்லாண்டு பணிபுரிந்தவர். முழங்கால் வலியால் பேருந்தை விட்டவர், தவணையில் ஒரு பவர் மெஷின் வாங்கி வீட்டுத் திண்ணையில் போட்டார். கம்பெனிகளில் கழிக்கப்படும் துண்டுத் துணியைக் கிலோக் கணக்கில் வாங்கி ஒட்டுப் போர்வை தைப்பது என்பது அவர் எண்ணம்.

ஒட்டுப் போர்வை எங்களுக்குப் புதிதன்று. மேலும் கீழும் துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பழந்துணியைப் பரப்பி, மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைப்பது. வங்கத்தில் இதனைக் காந்தா என்பர். மராட்டியர் கோதடி என்பர். வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் பெயரில் கையாலேயே தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் செல்வதும், மூலைகளில் மடித்த துணியால் பூ வைப்பதும் அவர்கள் வழக்கம். எங்கள் நன்னி தைத்ததும் கையால்தான். தேய்ந்த பருத்திச் சேலைகளே அவருடைய துணி. சங்கப் புலவரும் இக்கலையை அறிந்திருந்தனர். பொருநராற்றுப்படையில் பொருநன் தன் பழைய ஆடையைப் பற்றிக் கூறுங்கால், வேற்று இழைகள் ஊடுருவித் தைத்த கந்தல் என்கிறான். துணியின் இழை வேறு, தையலின் இழை வேறு என்பதை முடத்தாமக்கண்ணியார் கூர்ந்து நோக்கியிருக்கிறார்.

நன்னியிடமிருந்து அம்மாவுக்கு வந்த விதி ஒன்று உண்டு. பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே. அதுவும் துணியினும் வலிமை குறைந்த நூலே. "நூல் அறுந்தா மறுபடி தெச்சுக்கலாம் கண்ணு, துணி அறுந்தா என்ன பண்ணுவே?" என்பது அம்மாவின் கேள்வி. மறுக்க இயலாத கேள்வியாகவே எங்களுக்குத் தோன்றிற்று.

அக்காவும் அவ்விதிப்படியே தைத்தார். குழந்தைகளைத் தரையில் கிடத்தும் சிறு விரிப்புகள் நாற்பது வேண்டும் என்று வணிகர் ஒருவர் கேட்டிருந்தார். மாதிரிக்கு மூன்று தைத்து அனுப்பினோம். பத்து நாளில் மூன்றும் திரும்பி வந்தன. ஒரு முறை துவைத்து, இருபுறமும் பிடித்து உதறிய அளவிலேயே தையல் பல இடங்களில் படபடவென்று விட்டிருந்தது. துணியில் பழுதில்லை. அறுந்தது நூல் மட்டுமே. அந்த மாதம் மெஷினுக்குரிய தவணையும், முன்பணத்தில் வாங்கிய துணியின் விலையும் அக்காவின் முகத்தில் தெரிந்தன. வணிகர் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னதே பெரிது.

விதி தவறா என்றால், இல்லை. அது வேறொரு துணிக்குரிய விதி. நன்னியின் சேலை நெய்த துணி. பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக நிற்பதால் அது நீளாது. பனியன் துணியோ பின்னிய துணி. ஒரே இழை கண்ணிகண்ணியாக வளைந்து செல்வதால், இழுத்தால் கண்ணிகள் விரிந்து துணி நீளும். அதன்மேல் நேர்த்தையல் போட்டு இழுத்தால், துணி நீண்டுகொண்டே போக, நூல் நின்ற இடத்தில் நிற்கும். பருத்தி நூல் சிறிதே நீண்டு அறுந்துவிடும். பாலியெஸ்டர் நூல் அதனினும் கூடுதலாக நீண்டு கொடுக்கும். கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் தையல்களை வைத்திருப்பதும் இதனால்தான். அத்தையல்களில் நூல் வளைந்து வளைந்து செல்வதால் நீள்வதற்கு இடம் உண்டு. இத்தனை ஆண்டு ஓவர்லாக்கில் இருந்த அக்காவுக்கு நேர்த்தையலின் இக்குறை எதிர்ப்பட வாய்ப்பே வரவில்லை.

இனி நூல் தேடும் படலம். இலக்கியம் படித்தவன் என்பதால் கடைக்காரர் என்னை எளிதில் ஏமாற்றிவிடுவார் என்று அக்காவே உடன் வந்தார். முதலில் ஒருவர், நூற்பாலைக் கோன் ஒன்றைக் காட்டி, பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். அக்கா தொட்டுப் பார்த்து வைத்துவிட்டார். அது துணி பின்னுவதற்கான ஒற்றை இழை நூல். தையல் நூல் அவ்வாறன்று. இரண்டு அல்லது மூன்று இழைகளைத் தனித்தனியே ஒரு பக்கம் முறுக்கி, பின்பு அனைத்தையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவர். இரு முறுக்கும் ஒன்றையொன்று தாங்குவதால் நூல் தன்னிலையில் நிற்கிறது. இறுதி முறுக்கு எத்திசையில் உள்ளது என்பதும் பொருட்டே. நேர்த்தையல் மெஷினின் இயக்கம் ஒரு திசை முறுக்கை இறுக்கும். மறுதிசை முறுக்கைப் பிரித்துவிடும். ஆதலால் மெஷின் நூல்களுக்கு இசட் முறுக்கே கொடுக்கப்படுகிறது. ஊசிக்கண் வழியே நூல் ஒருமுறை கடந்து துணியில் அமர்ந்துவிடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஒவ்வொரு தையலுக்கும் மெஷின் நூலைக் கீழே இழுத்து மீண்டும் மேலே இழுக்கிறது. துணியில் அமர்வதற்குள் நூலின் ஒரே இடம் ஊசிக்கண்ணைப் பலமுறை உரசிச் செல்கிறது. ஒற்றை இழை நூல் அவ்வுரசலில் பஞ்சாய்ப் போகும்.

மற்றொரு கடையில் பளபளப்பான பருத்தி நூல் இருந்தது. மெழுகோ பசையோ பூசிய அந்நூல் கைத்தையலுக்கு மிகவும் ஏற்றது. சிக்காமல் வழுக்கிச் செல்லும். மெஷினில் போட்டால் பூச்சு உரிந்து, நூலை இறுக்கும் தட்டுகளுக்கிடையே படியும். அதனின் வேறானது மெர்சரைஸ் செய்த நூல். இங்கிலாந்தின் ஜான் மெர்சர் 19-ஆம் நூற்றாண்டின் இடையில் கண்டறிந்த முறைப்படி, பருத்தியைக் காரக் கரைசலில் இட்டு வலிமையும் சாய ஏற்பும் பெறச் செய்வது அது. பளபளப்பு இரண்டிற்கும் உண்டு. ஒன்று இழைக்குள் உள்ளது, மற்றொன்று மேலே பூசியது.

எண்களைக் கண்டு அஞ்சும் இலக்கிய மாணவர் இப்பத்தியைக் கடந்து செல்லலாம். ஓர் இறாத்தல் எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே நூற்பாலையின் கவுண்ட். எனவே எண் ஏற ஏற நூல் மெலியும். 20-ஐக் காட்டிலும் 40 மெல்லியது. டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது. அதில் எண் ஏற நூல் தடிக்கும். பாலியெஸ்டர் தையல் நூலின் கோன்மேல் அச்சிட்டிருக்கும் டிக்கெட் எண்ணோ, 3000-ஐ டெக்ஸ் எண்ணால் வகுத்துக் கிடைப்பது. 120 டிக்கெட் எனில் ஏறத்தாழ 25 டெக்ஸ். ஒரே கடையின் ஒரே அலமாரியில் மூன்று கணக்குகளும் அருகருகே இருந்தால் வாங்க வருவோர் என்ன செய்வர்! "கையில உருட்டிப் பாத்தா தெரியும்டா தம்பி" என்று அக்கா என் குறிப்பேட்டை மூடிவைத்தார்.

விலைச்சீட்டில் பருத்தி என்றிருந்த ஒரு கோனின் மீது அவர்க்கு ஐயம். வெளியே வந்து நூலின் நுனியில் தீ வைத்தார். பருத்தியாயின் தாள் எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாய் உதிரும். இதுவோ சுருங்கி உருகி, நுனியில் கடினமான மணியாய் நின்றது. பாலியெஸ்டர். நமக்கு வேண்டியதும் அதுவே என்றாலும், பொய் சொன்ன கடையில் வாங்க அவர் இசையவில்லை.

நிறமில்லாத நைலான் நூல் ஒன்றையும் வணிகர் பரிந்துரைத்திருந்தார். எல்லா நிறத் துணியிலும் தையல் மறைந்து நிற்பது அதன் சிறப்பு. குழந்தைக்குரிய பொருளில் அதனைச் சேர்ப்பதை நான் கடுமையாக மறுத்தேன். அறுந்த நைலான் வளையம் கண்ணுக்குத் தெரியாது. பச்சிளங்குழந்தையின் கால்விரலில் முடியோ நூலோ சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும் நிலை மருத்துவர் நன்கறிந்த ஒன்று. காலந் தாழ்ந்தால் விரலே போகும். தையல் கண்ணுக்குத் தெரிவது அங்கே குறையன்று, காப்பு. இதில் அம்மாவும் அக்காவும் ஒரே பக்கம் நின்றனர் என்பது எங்கள் வீட்டில் அரிய நிகழ்ச்சி.

முடிவில் வாங்கியது 120 டிக்கெட் பாலியெஸ்டர், இளஞ்சந்தன நிறம். சிவப்பு, நீலம், சாம்பல் எனப் பல நிறத் துண்டுகளின்மீது வெண்மை உறுத்தும். இளஞ்சந்தனமோ சாம்பலோ அடங்கி நிற்கும். கூர்முனை ஊசியை நீக்கி உருண்டை முனை ஊசி மாட்டினார். கூர்முனை கண்ணியின் இழையை அறுத்தால் ஓட்டை ஓடிக்கொண்டே போகும். உருண்டை முனை இழையை விலக்கி நுழையும். ஊசியின் அளவைத் தேர அவர் செய்த சோதனை எனக்குப் புதிது. ஓரடி நூலில் ஊசியைக் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடித்தார். 11-ஆம் எண் ஊசி நடுவில் நின்றுவிட்டது. 14-ஆம் எண் ஊசி சுழன்றுகொண்டே கீழிறங்கிற்று. கண்ணில் நூல் தடையின்றி ஓடும் என்பதற்கு அதுவே சான்று. பின்னர் டென்ஷனைத் தளர்த்தி, தையலையும் நெருக்கமாக வைத்தார். ஓரங்குலத்தில் தையல் எண்ணிக்கை கூடினால் உள்ளே அமரும் நூலின் நீளமும் கூடும். இழுக்கும்போது அந்நீளம் கைகொடுக்கும்.

அம்மாவின் அச்சம் தீரவில்லை. வலிய நூல் துணியை அறுக்கும் என்று இன்றும் சொல்கிறார். என் கருத்து சற்று வேறு. நன்னியின் பழைய போர்வைகளைப் பிரித்துப் பார்த்தேன். பருத்தி நூலால் தைத்தவையே. எனினும் இறுக்கித் தைத்த வரிகளின் ஓரத்தில் சேலை கிழிந்திருக்கிறது, தளரத் தைத்த இடங்களில் கிழியவில்லை. நூலின் வலிமையினும் தையலின் இறுக்கமும் இடையில் புகுந்த எங்கள் ஊர் மண்துகளுமே துணியை மிகுதியாகத் தின்கின்றன என்று எண்ணுகிறேன். நைந்த சேலை என்றால் மட்டும் அம்மாவின் பக்கமே நானும் நிற்பேன். அதற்குப் பாலியெஸ்டர் வேண்டா. சாயம் போன போர்வையை மீண்டும் நனைத்து நிறமேற்ற விரும்புவோர்க்கும் வேண்டா. பருத்திக்குரிய சாயத்தைப் பாலியெஸ்டர் ஏற்காது, தையல் வரி மட்டும் பழைய நிறத்தில் பல்லிளிக்கும்.

இரண்டாம் முறை அனுப்பிய மூன்று விரிப்புகளை, அனுப்பும் முன் நாங்களே ஐந்து முறை துவைத்து, அக்கா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்து உதறினோம். ஓரிடத்திலும் விடவில்லை. நாற்பதும் ஏற்கப்பட்டு, மேலும் அறுபதுக்குச் சொல் வந்தது. திண்ணை அலமாரியில் இப்பொழுது இரண்டு தட்டுகள். மேல்தட்டில் பாலியெஸ்டர் கோன்கள். கீழ்த்தட்டில் பருத்தி நூற்கண்டுகள், வெயிலும் தூசும் படாமல் துணிப்பையில் கட்டி வைத்தவை. அவற்றை அம்மாவைத் தவிர யாரும் எடுப்பதில்லை. எடுக்குமுன் ஒரு முழம் உருவி, இரு கையாலும் வெடுக்கென இழுத்து அறுத்துப் பார்க்கிறார். எளிதில் அறுந்தால் அக்கண்டு பொட்டலம் கட்டப் போய்விடுகிறது.