விட்டுவிடுவதற்காகப் பிடிப்பவர்கள்

மீன் பிடிப்பது உண்பதற்காக. உண்ணாதவர் பிடிக்க வேண்டியதில்லை. இந்த எளிய கணக்கில்தான் நாம் நாற்பது ஆண்டுகளைக் கழித்திருந்தோம். 2021 ஜூலையில், முன்பு நம்மிடம் பகுதி 1 தமிழ் பயின்று இன்று இங்கிலாந்தில் கணினிப் பணியிலிருக்கும் மாணவர் ஒருவர் ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தார். ஈரப் புல்லில் மண்டியிட்டுப் பெரிய கெண்டையொன்றைக் கைக்குழந்தைபோல் ஏந்தியிருந்தார். "10 கிலோ, ஐயா. படம் எடுத்தவுடன் விட்டுவிட்டேன்" என்று கீழே எழுதியிருந்தார்.

நாம் சும்மா இருந்திருக்கலாம். ஆசிரியத் தொழிலின் நோய் இருக்க விடவில்லை. சூதில் கிட்டும் வெற்றிக்கு வள்ளுவர் தூண்டிலை விழுங்கிய மீனை உவமை கூறியிருப்பதை நினைவூட்டி, "பசிக்காகவும் இல்லை, பிழைப்புக்காகவும் இல்லை, ஓர் உயிரின் வாயைக் குத்தி விளையாடுவது எந்த அறத்தில் சேரும்?" என்று கேட்டு எழுதினோம். ஓராண்டுக் காலம் அவரிடமிருந்து மடல் வரவில்லை.

அந்த மௌனம் உறுத்தவே, இப்பொழுதுபோக்கைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். கெண்டை என்றதும் நம் நினைவுக்கு வருவது பெண்ணின் கண்ணுக்கு உவமையாகும் சிறுமீன். ஆங்கிலேயர் தேடும் கெண்டையோ 20 கிலோவைத் தாண்டி வளர்வது. பல பத்தாண்டுகள் வாழ்வது. இடைக்காலத்தில் உணவுக்காக ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டுக் குளங்களில் வளர்க்கப்பட்டது. நன்னீர் மீன்களில் சால்மனும் டிரவுட்டும் மேட்டுக்குடியினரின் வேட்டைக்குரியவை என்றும், ஏனையவை 'கோர்ஸ்' மீன்கள், அதாவது முரட்டு மீன்கள் என்றும் அந்நாட்டார் பிரித்தனர். கால்வாயிலும் குளத்திலும் தொழிலாளர் பிடித்த அந்த முரட்டுக் கூட்டத்தைச் சேர்ந்ததே கெண்டை.

பெருங்கெண்டையைத் தூண்டிலால் பிடிக்கவே இயலாது என்றுதான் அங்கு நெடுங்காலம் பலரும் நம்பினர். 1952 செப்டம்பர் 13 அன்று, ஹெரிபோர்டுஷையரில் மூன்று ஏக்கர் அளவே உள்ள ரெட்மயர் என்னும் குளத்தில், ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையைப் பிடித்து அந்நம்பிக்கையை உடைத்தார். அவர் அதைக் கொல்லவில்லை. இலண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு அளித்தார். கிளாரிசா எனப் பெயர் பெற்ற அம்மீன் 1971 வரை அங்கே வாழ்ந்தது. பிடிபட்ட மீனுக்கு ஒரு பெயரும் அதன்பின் ஒரு வாழ்க்கையும் வாய்த்த செய்தி நம் கணக்கில் அடங்கவில்லை.

2023 ஜூலையில் ஒரு கருத்தரங்கிற்காக இலண்டன் சென்றபோது மாணவரை நாமே அழைத்தோம். பழைய மடலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு இரவு ஏரிக்கரையில் இருந்து பாருங்கள், ஐயா" என்றார்.

கெண்டை இரையை உறிஞ்சிச் சுவைத்துப் பார்த்து, ஐயம் தோன்றினால் துப்பிவிடும். 1980ஐ ஒட்டி லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் இருவரும் பரப்பிய உத்தி இதற்கென்றே எழுந்தது. இரையை முள்ளில் செருகாமல், முள்ளிலிருந்து தொங்கும் மயிரிழையில் கோத்துவிடுவார்கள். மீன் துப்பும்போது வெறும் முள் கீழுதட்டில் பற்றிக்கொள்ளும். இரை என்பதும் மண்புழு அன்று. மாவும் மீன்தூளும் முட்டையும் பிசைந்து உருட்டி வேகவைத்த உருண்டை. சிறுமீன்கள் கொறிக்க முடியாதபடி அதன் மேற்புறம் இறுகியிருக்கும். மாணவர் அவற்றைத் தம் சமையலறையிலேயே செய்திருந்தார்.

விடியலுக்குச் சற்று முன் தூண்டிலோடு இணைத்திருந்த கருவி வீறிட்டது. கால் மணி நேரம் போராடி, அகன்ற வலையில் மீனை ஏந்தினார். நீர் தெளித்து ஈரமாக்கிய மெத்தையில் கிடத்தி, முள்ளை எடுத்து, உதட்டுப் புண்ணில் கிருமிநாசினி தடவினார். எடை பார்த்தார். பின்பு முழங்கால் நீரில் இறங்கி, அது தானாக நீந்திப் போகும்வரை இரு கைகளாலும் தாங்கியிருந்தார்.

அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துத்தான் பேசினார். "2020 ஏப்ரலில் அப்பா போய்விட்டார், ஐயா. விமானம் இல்லை. காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. சின்ன வயதில் எங்களூர் ஏரியில் அவர்தான் எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தார். மே 13ஆம் தேதி இங்கே மீன்பிடிக்க அனுமதி கொடுத்தார்கள். வீட்டில் இருக்க முடியாமல் வந்து உட்கார்ந்தேன்."

நம் குறள் மேற்கோள் சென்று விழுந்த இடம் எது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் கேட்டது சரியான கேள்விதான், ஐயா. பதில்தான் என்னிடம் இல்லை" என்றார்.

அக்கேள்விக்கு ஐரோப்பாவிலேயே ஒத்த விடை இல்லை. டிரவுட் மீனின் தலைப்பகுதியில் நோவை உணரும் நரம்புகள் இருப்பதை லின் ஸ்னெட்டன் குழுவினர் 2003இல் எடுத்துக்காட்டினர். அந்த உணர்வு எத்தகையது என்னும் விவாதம் ஓயவில்லை. சுவிட்சர்லாந்து, விட்டுவிடும் நோக்கத்துடன் மீன் பிடிப்பதைத் தடைசெய்துள்ளது. உண்பதானால் பிடி, இல்லையேல் பிடிக்காதே என்பது அங்கே நெறி. இங்கிலாந்தின் கெண்டை ஏரிகளிலோ, பிடித்ததை விட்டுவிடாதவனே குற்றவாளி. அந்நாட்டின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இயல்பான மீன்பிடித்தலுக்கு விலக்கும் அளித்திருக்கிறது. ஓரிடத்தில் இரக்கமாகக் கொள்ளப்படுவது மற்றோரிடத்தில் கொடுமை.

2009இல் பீட்டர்பரோ அருகிலுள்ள ஏரியொன்றில் பென்சன் என்னும் கெண்டை இறந்து மிதந்தது. 64 பவுண்டு வரை வளர்ந்திருந்த அது, அறுபது முறைக்கு மேல் பிடிபட்டு விடப்பட்டது என்று நாளேடுகள் எழுதின. அதன் மறைவுக்காகத் தூண்டிற்காரர்கள் வருந்தினர் என்றும் எழுதின. அறுபது முறை முள்ளால் குத்தியவர்களின் துயரத்தைப் போலித்தனம் என்று முன்பு நாம் எளிதாக ஒதுக்கியிருப்போம். இப்போது அவ்வாறு சொல்ல நா எழவில்லை. ஆயினும் அந்த அறுபதும் மீன் கேட்டுப் பெற்றவை அல்ல என்பதையும் மறக்க இயலவில்லை. தன் துயரை ஆற்றிக்கொள்ள ஒருவன் நீர்க்கரையை நாடலாம். அந்த ஆறுதலுக்கான விலையை இன்னோர் உயிர் தன் உதட்டில் செலுத்த வேண்டுமா? நம் வினாவை நாம் திரும்பப் பெறவில்லை. வினவிய விதத்தை மட்டுமே திரும்பப் பெற்றோம்.

மாணவர் இப்போது மீண்டும் எழுதுகிறார். சென்ற மாதம் வந்த படத்தில் மீன் இல்லை. மூடுபனி படிந்த ஏரியும் மடக்கு நாற்காலியும் மட்டும் இருந்தன. "இன்று தூண்டில் எடுத்து வரவில்லை, ஐயா. சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.