கேள்வி கேட்கிற உத்தியோகம்

எந்த வீட்டிலும் இரண்டு ரகம் மனிதர்கள் உண்டு. செலவு செய்கிறவர்கள் ஒரு ரகம், "எதற்காகச் செலவு செய்தாய்?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். இரண்டாவது ரகத்துக்குத் 'தொணதொணப்பு' என்று பட்டம். அந்தப் பட்டம் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்களுக்குத்தான் கிடைக்கிறது!

ஆனால் அந்தத் தொணதொணப்பையே ஓர் உத்தியோகமாக ஏற்றுக்கொண்ட பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குப் பரம சந்தோஷம்.

வாஷிங்டனில் இருக்கும் உலக வங்கி, அணை கட்டவும் சாலை போடவும் பல நாடுகளுக்குக் கடன் கொடுக்கிறது. கடன் வாங்குவது சர்க்கார். ஆனால் அணைத் தண்ணீரில் முழுகிப் போவது யாரோ ஒரு குடியானவப் பெண்ணின் வீடு. அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? வங்கிக்கே எழுதினாலும், அந்தக் கடனைச் சிபாரிசு செய்த அதிகாரிகளின் மேஜைக்குத்தானே கடிதம் போய்ச் சேரும்?

இந்த வேதனை எனக்குத் தெரியும். என் அத்தை இளவயதிலேயே கணவரை இழந்தவள். பென்ஷனுக்காக ஓர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள். குமாஸ்தா காகிதத்தை நகர்த்தவே இல்லை. மேலதிகாரிக்கு ஒரு புகார் எழுதிப் போட்டோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: "விசாரித்ததில் புகாருக்கு ஆதாரம் இல்லை." அடியில் மேலதிகாரியின் கையெழுத்து, ஆனால் கடிதத்தை எழுதியிருந்தது அதே குமாஸ்தா! அவர் 'ழ'வைச் சுழிக்கிற விதம் அத்தைக்கு மனப்பாடம். "யாரைப் பற்றிச் சொன்னேனோ அவரே தீர்ப்பு எழுதிவிட்டாரடி" என்று சிரித்தாள். கண்ணில் மட்டும் ஜலம். பணம் வராததைவிட அதுதான் அவளை வாட்டியது.

நர்மதை நதிக்கரை ஜனங்களும் இப்படித்தான் தவித்தார்கள். குஜராத்தில் சர்தார் சரோவர் அணைக்காக 1985-ல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. வீடு வாசல் இழக்கிறவர்களின் கூக்குரல் ஓங்கியது. கடைசியில் வங்கியே ஒரு தனிக் குழுவை நியமித்தது. குடிபெயர்ப்பு விஷயத்தில் வங்கி தன் சொந்த விதிகளையே கடைப்பிடிக்கவில்லை என்று 1992-ல் அந்தக் குழு சொல்லிவிட்டது. மறு வருஷம் இந்தியா மிச்சக் கடனை வேண்டாம் என்றது. அதே 1993-ல்தான் புகார்களை விசாரிக்க மூன்று பேர் கொண்ட நிரந்தரக் குழு ஒன்றை வங்கி ஏற்படுத்தியது.

அதன் முதல் தலைவர் எர்ன்ஸ்ட் குந்தர் ப்ரோடர் என்ற ஜெர்மானியப் பொருளாதார நிபுணர். 1984 முதல் 1993 வரை ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் தலைவராக இருந்தவர். ஆயுசெல்லாம் கடன் கொடுத்துப் பழகியவர், அறுபது வயதுக்கு மேல் கடன் கொடுப்பவரைக் கேள்வி கேட்க வந்தார். கை தேர்ந்த சமையற்காரருக்குத்தானே குழம்பில் என்ன குறை என்று வாயில் வைத்தவுடன் தெரியும்!

முதல் புகார் 1994-ல் நேபாளத்திலிருந்து வந்தது. அருண் நதியில் 201 மெகாவாட் மின்சாரத் திட்டம். குழு ஆராய்ந்து, வங்கி விதிகளைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று எடுத்துக் காட்டியது. 1995 ஆகஸ்டில் வங்கி விலகிக்கொண்டது. எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் கைநழுவிப் போயிற்றே என்று வருந்திய நேபாளியரும் உண்டு. கேள்வி கேட்பதற்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது.

இந்தக் குழு யாரையும் தண்டிக்காது. நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிடவும் அதற்கு அதிகாரம் இல்லை. வங்கி தான் சொன்னபடி நடந்ததா என்று பார்த்து, நிர்வாக சபைக்கு எடுத்துச் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் போதும், புகார் கொடுக்கலாம். இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. தங்கள் பாஷையிலேயே எழுதலாம். பயமிருந்தால் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

எல்லாவற்றையும்விட என் மனத்தைக் கவர்ந்தது ஒரு விதிதான். இந்தக் குழுவில் அங்கம் வகித்தவர் தம் காலம் முடிந்தபின் உலக வங்கியில் வேறு எந்த உத்தியோகமும் ஏற்கக் கூடாது. நாளைக்கு இவர்கள் தயவு வேண்டுமே என்ற எண்ணம் வந்தால், இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கடன் கொடுக்கப் படித்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். திரும்பி நுழைய முடியாத வாசலில் நின்றுகொண்டு, முன்பின் அறியாத ஒரு கிராமத்துப் பெண்ணுக்காகக் கணக்குக் கேட்பதற்குப் படிப்பு மட்டும் போதாது. நெஞ்சில் கொஞ்சம் துணிவும் வேண்டும்.