காயலான் கடைக்குப் போகாத பெட்டி

வெள்ளி

தெருமுனை பிரவுசிங் சென்டரை மூடிவிட்டார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்கு ஆள் வந்தது. சிபியூக்களைக் காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டாராம். அந்த விலைக்கே ஒன்றை நான் வாங்கி வந்தேன். பென்டியம் 3, 256 எம்பி ராம், 20 ஜிபி ஹார்டு டிஸ்க். மூடியைக் கழற்றியதும் கெபாசிட்டர்களைத்தான் பார்த்தேன். 2000ஐ ஒட்டி வந்த போர்டுகளில் அவை தலை உப்பி ஒழுகுவது சகஜம். இதில் ஒன்றுகூட உப்பவில்லை. நல்ல போர்டு. தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவினேன்.

சனி

எப்போதும் எனக்கு டெபியன்தான். ஆனால் 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் பிசிக்களுக்கு இன்ஸ்டாலரும் கெர்னலும் தருவதை நிறுத்திவிட்டது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386இல். அந்த 386க்கான நிரல்களை 2012 டிசம்பரில் லினக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழையதைப் பராமரிக்க ஆள் வேண்டுமே, நியாயம் புரிகிறது. மனசுதான் கேட்கவில்லை.

அதனால் நெட்பிஎஸ்டி 10. 1993இல் 386பிஎஸ்டியிலிருந்து கிளைத்த சிஸ்டம். இன்றைக்கும் 486வரை இறங்கி வருகிறது. அதற்குப் பெரிய துணை, அதன் பில்டு ஸ்கிரிப்ட். வேகமான புதுக் கணினியில் உட்கார்ந்தபடியே எந்தப் பழைய பெட்டிக்கும் முழு சிஸ்டத்தையும் கம்பைல் செய்துவிடலாம். பழைய பிராசசர் மூச்சு வாங்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இந்த பயாஸுக்குப் பென்டிரைவிலிருந்து பூட் ஆகத் தெரியாது. சிடியில் எழுதிப் போட்டேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. ரியல்டெக் 8139 கார்டைத் தானாகவே கண்டுபிடித்து ‘ஆர்டிகே0’ என்று பெயர் வைத்தது. டிரைவர் சிடி தேடும் வேலையே இல்லை. தேதியைச் சரிபார் என்று ஒரு எச்சரிக்கையும் வந்தது. சிமாஸ் பேட்டரி செத்துக் கடிகாரம் வெகுவாகப் பின்னால் போயிருந்தது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது: தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்றாகிவிடும், ஒரு பேக்கேஜும் இறங்காது. வாட்ச் கடையில் 2032 பேட்டரி வாங்கிப் போட்டேன்.

ஞாயிறு

“யூடியூப் வருமா?” என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். வராது. ஃபயர்ஃபாக்ஸ் 2017இல் வந்த 53ஆம் பதிப்பு முதல் எஸ்எஸ்இ2 கட்டளைகளைக் கேட்கிறது. அவை பென்டியம் 4இல்தான் வந்தன. பழைய பெட்டி செத்துவிட்டது என்று நாம் முடிவு கட்டுவது பெரும்பாலும் பிரவுசரை வைத்துத்தான். அந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை. சி கம்பைலர், விஐ எடிட்டர், ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம் சொல்லும் மேன் பக்கங்கள் எல்லாம் சிஸ்டத்தோடேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. நெட் வயரைப் பிடுங்கிய பிறகும் அத்தனையும் இருக்கின்றன.

திங்கள்

தமிழ் பார்த்தேன். எக்ஸ்டெர்மில் ‘கெ’ உடைகிறது. கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது; திரையில் காட்டும்போது இடம் மாற்ற வேண்டும், எக்ஸ்டெர்ம் அதைச் செய்வதில்லை. பாங்கோ நூலகத்தை வைத்து எழுதிய சின்ன எடிட்டர் ஒன்றைப் போட்டதும் சரியாகிவிட்டது. கீபோர்டு பட்டியலில் தமிழ்நெட்99 ஏற்கெனவே இருக்கிறது.

புதன்

தங்கை மகள் வந்தாள். பாலிடெக்னிக்கில் இப்போதுதான் சி ஆரம்பித்திருக்கிறார்கள். மேன் பக்கம் திறப்பது எப்படி என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். ‘எஸ்டிஆர்லென்’ பக்கத்தைப் படித்து, ‘அம்மா’ என்ற சொல்லின் நீளத்தை அச்சிட ஒரு புரோகிராம் எழுதினாள்.

“மாமா, மூணு எழுத்துதானே? பதினஞ்சுன்னு வருது!”

அந்த ஃபங்ஷன் பைட்டைத்தான் எண்ணும். அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று யூனிகோடில் ஐந்து குறிகள், யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சொன்னதும் அவளே பதினைந்தைக் கூட்டிச் சரிபார்த்தாள். புள்ளியையும் துணைக்காலையும் தனி எழுத்தாக எண்ணாத ஒரு ஃபங்ஷனை எழுத வேண்டுமாம். எந்தெந்தக் குறிகளை விட வேண்டும் என்று தாளில் பட்டியல் போடுகிறாள். சனிக்கிழமை இந்தப் பெட்டியை அவள் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிடப் போகிறேன்.