ஆறாவது வீடு

பல் டொக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் பிடித்தபடி “மூன்று-ஆறு, எம்.ஓ.டி. அமல்கம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பல்லுக்குப் போய்விடுவார். பக்கத்துக் கதிரையில் இருக்கிற உதவியாளர் அதற்குள் பதிந்து முடித்திருக்க வேண்டும். முப்பத்தாறு என்று சேர்த்துச் சொல்லும் வழக்கமில்லை. வாயை நாலு கூறாக்கி, வந்திருக்கிறவரின் வலது மேற்புறத்துக்கு 1, இடது மேற்புறத்துக்கு 2, இடது கீழுக்கு 3, வலது கீழுக்கு 4 என்று வைத்திருக்கிறார்கள். பிறகு நடுக்கோட்டிலிருந்து உள்ளே 1 முதல் 8 வரை எண்ண வேண்டியதுதான். ஆகவே மூன்று-ஆறு என்றால் இடது கீழ்த்தாடையின் ஆறாவது பல், முதற் கடைவாய்ப்பல். எம்.ஓ.டி. அமல்கம் என்றால் அதன் முன் ஓரம், கடிக்கும் முகம், பின் ஓரம் மூன்றையும் சேர்த்து உலோகக் கலவையால் அடைத்திருக்கிறது. கனடாவில் இதுதான் கணக்கு. எல்லையைத் தாண்டி பஃபலோவுக்குப் போனால் 1 முதல் 32 வரை ஒரே ஓட்டமாக எண்ணுகிறார்கள். அங்கே இதே பல்லுக்கு இலக்கம் 19.

ஸ்காபுறோவில் ஒரு மாலை வகுப்பில் இதைப் படித்தேன். கூடப் படித்த பிள்ளைகள் என் மகளின் வயது. கைபேசியில் படங்களைத் தட்டித் தட்டி இரண்டு கிழமைக்குள் பாடமாக்கிவிட்டார்கள். எனக்கு அந்தத் தட்டுகிற வேலை சரிவரவில்லை. ஆனால் என்னிடம் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொன்னில், எங்கள் ஒழுங்கை இருந்தது. ஒரு பக்கத்தில் எட்டு வளவு.

முகப்பில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு, மெல்லிய முன்சுவரோடு. அவை வெட்டும் பற்கள். ஒழுங்கை திரும்புகிற மூலையில் மூன்றாவது. அந்த வளவு வேம்பின் வேர் மதிலைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்திருந்தது. வேட்டைப்பல்லுக்குத்தான் வாயில் ஆக நீளமான வேர். நாலாவதும் ஐந்தாவதும் பழைய மண்வீடுகளை இடித்துவிட்டு அதே நிலத்தில் மகள்மாருக்குச் சீதனமாகக் கட்டின சின்னக் கல்வீடுகள். முன்கடைவாய்ப் பற்களும் அப்படித்தான், பாற் கடைவாய்ப்பற்கள் விழுந்த இடத்தில் வருகிறவை. ஆறாவது நாற்சார் வீடு. முந்தி அந்தக் காணியில் எதுவும் இருக்கவில்லை. ஏழாவது ஆறாவதைப் பார்த்துக் கொஞ்சம் சிறிதாகக் கட்டினது. எட்டாவதில் அத்திவாரம் மட்டும். சொந்தக்காரர் கொழும்பில் இருந்தார். வருவார், கட்டுவார் என்று பெரியாக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஞானப்பல்லைப் பற்றிப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது: பதினேழுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் வரலாம், பாதி வந்து நிற்கலாம், சிலருக்கு வராமலே விடலாம்.

பரீட்சையில் ஒழுங்கையால் நடந்துபோய் விடை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஆறாவது வீட்டு வாசலில் கால் நின்றது.

அந்த வீட்டில்தான் நான் பார்த்த முதல் பல்லுக்கொழுக்கட்டை. குழந்தைக்குக் கீழ் முரசில் இரண்டு பல் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியிருந்தது. அவித்த பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்த உள்ளுடன், பிறை மாதிரிப் பிடித்த கொழுக்கட்டை. ஓரத்தை நகத்தால் நெருக்கி நெருக்கிக் கிள்ளி மடித்திருப்பார்கள். அதன் விளிம்பில் மெல்லிதாகச் சீவின தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் பல்லாகக் குத்தி வைப்பது அம்மம்மாவின் வேலை. வேறு யார் குத்தினாலும் பிடுங்கி மறுபடி குத்துவா. பிள்ளையைச் சபையில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்து, மாமி சுளகிலிருந்து கொழுக்கட்டைகளைக் கொட்டினா. முன்னால் தட்டத்தில் புத்தகம், பேனை, காசு, நகை. பிள்ளை எதையும் தொடாமல் துணியை இழுத்து வாயில் வைத்தது. புடவைக்கடை முதலாளியாய் வருவான் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த இரண்டு பல்லைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், அதே பிள்ளையின் தாடைக்குள், கண்ணுக்குத் தெரியாமல், மூன்று-ஆறு உருவாகிக்கொண்டிருந்தது. முதற் கடைவாய்ப்பல் கல்லாக இறுகத் தொடங்குவது பிறக்கிற சமயத்தில். அதன் முடிப்பகுதி இரண்டரை, மூன்று வயதில் முடிந்துவிடுகிறது. பிறகு முரசுக்குக் கீழே காத்திருந்து ஆறு வயதில் வெளியே வருகிறது. பிறப்பதற்கு முன் படிந்த எனாமலையும் பிறந்த பின் படிந்ததையும் பிரிக்கிற மெல்லிய கோடு ஒன்று பாற்பற்களில் உண்டு. முதற் கடைவாய்ப்பல்லிலும் பெரும்பாலும் இருக்கும். பல்லைச் சீவி நுண்காட்டியில் பார்த்தால் தெரியும். ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பரீட்சைக்கு வராத விஷயம். எனக்கு அன்றைய மிச்ச வகுப்பு காதில் ஏறவில்லை.

எனாமலைச் செய்கிற கலங்கள் வேலை முடிந்ததும் இல்லாமல் போய்விடும். எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம், உடம்பிலேயே ஆகக் கடினமான பொருள். தோல் புதிதாகும், உடைந்த எலும்பு பொருந்தும். எனாமலின் மேற்பரப்பை உமிழ்நீர் கொஞ்சம் செப்பனிடும், அவ்வளவுதான். போனதை உடம்பு திருப்பிச் செய்து தராது. அப்படியானால் எந்தத் தண்ணீரைக் குடித்த காலத்தில் அது படிந்ததோ அந்த ஊர்க் கணக்கு அதில் நிற்கும். தொல்லியல்காரர்கள் எனாமலில் உள்ள ஸ்ட்ரோன்சியத்தை அளந்து, செத்து ஆயிரம் வருடமான மனிதர் எந்த மண்ணில் வளர்ந்தார் என்று கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் தீவுகள் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறவை. பாதிக் கிணறு சவர். நல்ல தண்ணிக் கிணற்றுக்கு இடுப்பில் குடத்தோடு நடக்க வேண்டும். அந்த நல்ல தண்ணியே கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அம்மா கேத்தலைப் புளி போட்டுத் தேய்ப்பா.

1990களின் தொடக்கத்தில் தீவுகளை விட்டு வெளிக்கிட்டபோது தம்பி கைக்குழந்தை. கொஞ்சக் காலம் யாழ்ப்பாணத்தில், பிறகு கிளாலிக் கடலால் படகில், கடைசியில் வவுனியாப் பக்கம். அங்கே குழாய்க்கிணற்றுத் தண்ணி. தம்பியின் மேல் முன்பற்களில் வெள்ளையும் மண்ணிறமுமாகக் கறை. இங்கே ஒரு பல் வைத்தியர் “சின்ன வயதில் ஒழுங்காகப் பல்லுத் தீட்டுவதில்லையா?” என்று கேட்க, அவன் அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டான். தீட்டினதற்கும் அந்தக் கறைக்கும் சம்பந்தமே இல்லை. எனாமல் படிகிற வயதில் புளோரைட் கூடின தண்ணீரைக் குடித்தால் அப்படி வரும். அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா எல்லாம் அதற்குப் பேர்போன இடங்கள். வினோதம் என்னவென்றால் ரொறன்ரோ மாநகரம் 1963 முதல் அதே புளோரைட்டைக் குழாய்த்தண்ணீரில் தானே கலக்கிறது, பல் சூத்தையாகாமல் இருக்க. லீற்றருக்கு ஒரு மில்லிகிராமும் வராத அளவு. அளவு கூடினால் கறை, குறைந்தால் சூத்தை. தம்பிக்கு இதைப் படம் போட்டு விளங்கப்படுத்தினேன். “அப்ப என்ர பல்லு பாதி கரம்பொன், பாதி வவுனியாவோ?” என்றான். கிட்டத்தட்ட அப்படித்தான்.

கடைவாய்ப்பல்லின் சாந்துப் படிவத்தை முதல்முறை கையில் தந்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கீழ் முதற் கடைவாய்ப்பல்லுக்கு ஐந்து முகடு, இடையில் பள்ளங்கள், ஓடைகள். நான் வாயைப் பார்த்து வளர்ந்த மனிதர் அப்பு. அவருடைய கொடுப்புப் பற்களில் முகடு என்று ஒன்றுமில்லை, அம்மி மாதிரிச் சமதரை, நடுவில் மஞ்சள். புழுக்கொடியலை முறித்துக் கொடுப்புக்குள் தள்ளி, பின்னேரம் முழுக்க மென்றுகொண்டிருப்பார். பனங்கிழங்கை அவித்துக் காயவிட்ட அந்தச் சாமானைப் பல்லில்லாதவர்கள் இடித்துத்தான் தின்னலாம். எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கிற டென்டின் தெரிந்ததுதான் அந்த மஞ்சள். ஆனாலும் அவருக்குப் பல்லுக்கொதி வந்ததாக நினைவில்லை. மெதுவாகத் தேய்ந்தால் உள்ளே புது டென்டின் படிந்து, நரம்பு இருக்கிற கூழறை சுருங்கி ஒதுங்கிக்கொள்ளும் என்று புத்தகத்தில் படித்தபோது அப்புவுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்த மாதிரி இருந்தது.

பல்லுக்கொதி வந்தது அம்மம்மாவுக்கு. அதுவும் இராத்திரியில். படுத்தால் தலைக்கு இரத்தம் கூட ஓடுகிறது, வீங்கின கூழுக்கோ சுற்றிவரக் கல்லுச் சுவர், விரிய இடமில்லை. அந்த விளக்கம் இல்லாமலே அவ இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருப்பா, கொடுப்புக்குள் ஒரு கராம்பை வைத்துக்கொண்டு. வீடு முழுக்க மணக்கும். பல் வைத்தியசாலைக்கு என்றொரு மணம் உண்டென்று சொல்கிறார்களே, அதில் பாதி கராம்புதான். கராம்பு எண்ணெயின் யூஜினோலையும் சிங்க் ஒக்சைட்டையும் குழைத்துத்தான் தற்காலிக அடைப்பு. கண்ணாடித் தட்டில் அதைக் குழைக்கப் பழகின நாள் மூக்குக்குள் அம்மம்மா வந்து உட்கார்ந்துகொண்டா. வெற்றிலையும் போடுவா, புகையிலையோடு. வேலணைப் பக்கத்துப் புகையிலைக்கு அப்போது நல்ல மவுசு. இப்போது வயதான எங்கட ஆக்கள் கதிரையில் சாய்ந்தால் முதலில் கன்னத்தின் உட்பக்கத்தைப் பார்க்கிறேன், வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று. பாக்கு மட்டும் போதும், புகையிலை தேவையில்லை, வாய்ப் புற்றுநோய் வர.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பல்லு நேர்ஸ் ஞாபகம் வருகிறது. வெள்ளைச் சட்டை, கையில் வளைந்த ஊசி. ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் எண்ணி, சிலுவை மாதிரி நாலு கட்டம் போட்ட கடதாசியில் குறிப்பா. அவவுக்கு மகரகமவில் பயிற்சி. நியூசிலாந்தில் 1921இல் வெலிங்டனில் தொடங்கின திட்டம் அது. டொக்டர்மார் காணாத நாட்டில் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 1950களில் கொழும்புத் திட்டத்தின் உதவியோடு அது மகரகமவுக்கு வந்தது. அந்த யோசனைக்காரர்களைக் கும்பிட வேண்டும். தீவுப் பிள்ளையின் பல்லைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய டொக்டர் வருவார் என்று காத்திருந்தால் எல்லாருக்கும் முரசுதான் மிஞ்சியிருக்கும். அவ என் வாயைப் பார்த்துவிட்டு, கடைசிப் பல்லை ஊசியால் தட்டி, “இது பாற்பல்லில்லை, பிள்ளை. இதுக்குப் பிறகு வேற வராது” என்றா. வீட்டில் வந்து சொன்னேன். விழாத பல்லும் உண்டோ என்று அம்மம்மா கேட்டா.

மீசியல், டிஸ்டல், பக்கல், லிங்குவல், ஒக்லூசல். பல்லின் ஐந்து முகத்துக்கும் பெரும்பாலும் லத்தீன் வேரிலிருந்து வந்த பெயர். எங்கள் ஊரில் 1913இல் பிறந்து ரோமாபுரியில் படித்த தனிநாயகம் அடிகள் இந்தப் பட்டியலைச் சிரித்துக்கொண்டே ஒப்பித்திருப்பார். நான் பேருந்தில் முணுமுணுத்துப் பாடமாக்கினேன். பக்கத்து ஆசனத்துப் பெண் செபம் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி இடம்விட்டாள்.

போன மாதம் ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தா. பேச்சுக் கொடுத்ததில் தகப்பன் பக்கம் நாரந்தனை, எங்கள் தீவுதான். பிள்ளைக்கு ஆறரை வயது, முன்னால் இரண்டு பல் இல்லை. இங்கே பல்தேவதை தலையணைக்குக் கீழே ஐந்து டொலர் வைத்ததாம். நாங்கள் கூரையில் எறிந்த பல்லுக்கு எந்த அணிலும் ஒரு சதம் தந்ததில்லை. வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை வைத்தேன். கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், பாதி முரசு மூடினபடி, மூன்று-ஆறு. பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு கபிலப் புள்ளி.

“அது விழுற பல்லுத்தானே அக்கா? விழுந்தாப் பிறகு பாப்பம் எண்டு விட்டனான்.”

“இல்லைத் தங்கச்சி, இது விழாது. ஒண்டும் விழாத இடத்தில புதுசா வந்தது. இதுதான் அவர் கிழவனாகுமட்டும் வைச்சிருக்க வேண்டிய பல்லு.”

“ஐயோ, முதலே தெரிஞ்சிருந்தால் நித்திரைக்கு முதல் சொக்கிலேற் குடுத்திருக்க மாட்டனே. அம்மாவும் போனில பாற்பல்லு எண்டுதான் சொன்னவ.”

டொக்டர் வந்து பார்த்தார். புள்ளி எனாமலைத் தாண்டவில்லை, துளைக்கத் தேவையில்லை. பல்லைக் காயவைத்துப் பள்ளங்களை மூடுகிற பூச்சை ஓடவிட்டு, நீல வெளிச்சம் பிடித்தார். எச்சில் படாமல் உறிஞ்சுகுழாயைப் பிடிப்பது என் பங்கு. பெடியன் ஆடாமல் கிடந்தான். மற்ற மூன்று ஆறாம் பல்லும் முழுதாக முளைத்ததும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னோம்.

“இனி இப்பிடிச் சொல்லாமல் வாறது வேறயும் இருக்கோ?” என்று தாய் கேட்டா.

“ஏழாவது இருக்கு. பன்னிரண்டு வயசில, இதுக்கும் பின்னால.”

கைபேசியை எடுத்து, ஐந்தரை வருடத்துக்கு அங்கால் ஒரு திகதியைத் தேடிப்பிடித்து, நாட்காட்டியில் ‘தம்பியின் பின்பல்லுப் பார்க்க’ என்று போட்டா.