"இதையா உங்கப்பா குடிச்சாரு?" - நாரணாபுரம் வந்த மதீரா ஒயின்!

எங்கள் வீட்டில் 'ஒயின்' என்றால் ஒரே அர்த்தம்தான். ஒயின்ஷாப். சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு அப்பா போகும் இடம். அங்கே யாரும் ஒயின் வாங்கி நான் பார்த்ததில்லை, குவாட்டர்தான். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது ஈரல் கெட்டு அப்பா போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு அம்மா அந்தச் சொல்லையே வாயில் எடுப்பதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணான எனக்கு, டெஸ்க்கில் வந்த வேலை: 'கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்... அதிகம் தெரியாத ஸ்பெயின், போர்ச்சுக்கல் இனிப்பு ஒயின்கள்.' நான் முழித்ததைப் பார்த்த எடிட்டர், "குடிக்கச் சொல்லலம்மா, எழுதத்தான் சொல்றேன்" என்றார்.

வேண்டாவெறுப்பாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். என்னை முதலில் நிறுத்தியது 'பெட்ரோ ஹிமேனெஸ்'. தென் ஸ்பெயினில் மொந்தியா-மொரிலெஸ் என்ற பகுதி. அங்கே வெள்ளைத் திராட்சையைப் பறித்து, வெயிலில் பாய் விரித்துக் காயப்போடுகிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் மிளகாய் வத்தல் காயப்போடுவது போலவே! பாதி உலர்திராட்சை ஆனதும் பிழிந்தால் பாகு மாதிரி சாறு வரும். அதில் செய்த ஒயினில் பல, லிட்டருக்கு 300 கிராம் சர்க்கரையைத் தாண்டும். ஐஸ்க்ரீம் மேல் ஊற்றிக்கூடச் சாப்பிடுவார்களாம்.

போர்ச்சுக்கல்லின் போர்ட் ஒயின் வேறு ரகம். திராட்சைச் சாறு நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கும்போதே, பாதியில் திராட்சைச் சாராயத்தைக் கலந்துவிடுவார்கள். புளிப்பது நின்றுபோகும், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் இதைச் செய்ய வேண்டும் என்று 1756-லேயே எல்லை வகுத்துவிட்டார்கள். (கோவாவில் 'போர்ட்' என்று மலிவாக விற்பது இந்தக் கணக்கில் சேராது.) இந்த போர்ட்டை அளக்கும் பீப்பாயின் பெயர் 'பிப்பா'. நம் 'பீப்பாய்' வந்ததே அந்த போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்துதான். ஜன்னல், மேஜை, அலமாரி, சாவி எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள்தான்.

ஆனால், மனசுக்கு நெருக்கமானது மதீரா. அட்லான்டிக் கடலில் இருக்கும் போர்ச்சுக்கல் தீவு. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் கப்பல்கள் அங்கே நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். கப்பலின் அடித்தளத்தில், வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் வெந்து புழுங்கி வரும். வேறு ஒயினாக இருந்தால் கெட்டுப்போயிருக்கும். இதுவோ ருசி கூடிப்போனது! மெட்ராஸ் கோட்டையில் கம்பெனி அதிகாரிகள் விரும்பிக் குடித்தது இதைத்தான். பிறகு, ருசிக்காகவே இந்தியா வரை கப்பலில் அனுப்பித் திருப்பிக் கொண்டுபோனார்கள். இன்று அந்தச் செலவில்லை. ஒயினை 45 முதல் 50 டிகிரி சூட்டில் மூன்று மாதமாவது வைக்கிறார்கள். உயர்ந்த ரகம் என்றால், வெயில் இறங்கும் பரண்களில் பீப்பாயோடு வருடக்கணக்கில் கிடக்கும்.

வெயில்தான் எங்கள் ஊருக்கும் மூலதனம். மழை குறைவு, காற்றில் ஈரம் கம்மி. அதனால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே நிலைத்தன? வெடியைக் காயவைக்கும் மேடையில் நின்று நின்று அம்மாவின் கால் வெடித்திருக்கிறது. அந்த வெயிலை யாரோ பீப்பாயில் பிடித்துவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

லிஸ்பனில் ஹோட்டல் வேலை பார்க்கும் தோழி ஊருக்கு வந்தபோது ஒரு குட்டி மதீரா பாட்டில் கொடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பையில் அது இருப்பதையே மறந்துவிட்டேன். துணி எடுத்து வைத்த அம்மா கையில் சிக்கியது.

"என்னடி இது, சென்ட்டா?"

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். அம்மா முகம் இறுகியது. "நீ குடிக்கிறியா?"

"இல்லம்மா. எழுதுறதுக்காகத் தெரிஞ்சுக்கிட்டேன்."

மூடியைத் திறந்து முகர்ந்தார். நெற்றி சுருங்கியது. "கருப்பட்டிப் பாகு கணக்கா இருக்கு." கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தார். "இதையா உங்கப்பா குடிச்சாரு?"

"இல்லம்மா, அது வேற."

"இதுல போதை ஏறாதா?"

"ஏறும். சாராயம் சேர்க்கிறதால சாதா ஒயினைவிட அதிகமாவே ஏறும். நூத்துக்கு இருபது பங்கு வரைக்கும் ஆல்கஹால்."

"அப்புறம் என்ன வேற?"

வெயில், தீவு, கப்பல் என்று மனதில் அடுக்கிவைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அம்மா பாட்டிலை இறுக்கி மூடினார். கொட்டிவிடுவார் என்று நினைத்தேன். கொட்டவில்லை. அலமாரியில், அப்பாவின் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கும் டப்பாவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெயில் ஏறிருச்சு, மாடியில அரிசி காயுது, கிண்டி விட்டுட்டு வா" என்றார்.