சாவியைக் கொடுத்துவிட்டு கையசைப்பார்கள்!
தெற்கு பிரான்ஸ் கால்வாயில் ஒரு வாடகைப் படகு

கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டவும் வேண்டும். ஆனால் இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று ஒரு சின்ன ஃபிளாட்டே உள்ளே இருக்கும் 12 மீட்டர் நீளப் படகை, வாழ்க்கையில் காகிதக் கப்பல் தவிர வேறெதையும் தண்ணீரில் விட்டறியாத ஒருவரிடம் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் தந்துவிடுகிறார்கள். தெற்கு பிரான்ஸில், துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர் நீளும் 'கனால் து மிதி' என்ற கால்வாயில் கோடைக்காலம் முழுக்க இதுதான் நடக்கிறது.

ஆலப்புழையில் படகுவீட்டில் போனவர்கள் ஒன்றை மறந்துவிட வேண்டும். அங்கே ஓட்ட ஒருவர், சமைக்க ஒருவர் கூடவே வருவார்கள். நாம் சாய்ந்து உட்கார்ந்து தென்னைமரங்களைப் பார்த்தால் போதும். இங்கே ஓட்டுநரும் நாம்தான், சமையல்காரரும் நாம்தான், கயிறு இழுப்பவரும் நாம்தான். படகுத்துறையில் நிற்கும் கம்பெனி ஆள் ஒரு கைவீசலோடு விடைபெற்றுக்கொள்வார். அப்புறம் அந்தக் குடும்பம் ஆச்சு, தண்ணீர் ஆச்சு!

வாடகைப் படகுகளுக்கு மட்டும் பிரான்ஸ் அரசு இப்படி ஒரு சலுகையை வைத்திருக்கிறது. அந்தப் படகுக்கு, அந்தச் சில நாள்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் அட்டை ஒன்றைக் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிடும். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் இந்தத் தாராளம். கரையோரம் சைக்கிளில் போகும் பாட்டி சாவகாசமாகப் படகை முந்திக்கொண்டு போவார்.

வேகம் குறைவுதானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே பதில் கிடைத்துவிடும். படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் ரிவர்ஸ் கியர் போட வேண்டும்; போட்ட பிறகும் அது யோசித்துத்தான் நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உடனே திரும்பாது. திரும்பவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருப்பினால், முதலில் திருப்பியதும் இப்போது திருப்பியதும் சேர்ந்து வேலை செய்து மூக்கு எதிர்க்கரையைப் பார்க்கப் போய்விடும். காருக்கு முன்சக்கரம் திரும்பினால் பின்பகுதி தொடர்ந்து வரும். படகோ ஏறக்குறைய நடுவயிற்றை அச்சாக வைத்துச் சுழல்வது. முன்பக்கம் இடப்பக்கம் போனால் பின்பக்கம் வலப்பக்கம் போய்க் கரையில் இடிக்கும். வேகத்தை மிகவும் குறைத்துவிட்டால் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. காற்று வேறு பக்கவாட்டில் தள்ளும். அந்தப் பகுதியின் வடமேற்குக் காற்றுக்குப் பெயர் பெற்ற முரட்டுத்தனம் உண்டு. ஆக, முதல் நாள் எல்லாப் படகுகளும் பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போகின்றன. மூன்றாம் நாள் நேராகப் போகின்றன. படகின் இரு பக்கமும் தொங்கும் ரப்பர் பந்துகள் அந்த முதல் இரண்டு நாள்களுக்காகவே கட்டப்பட்டவை.

இந்தக் கால்வாயை வெட்டியவர் இன்ஜினீயர் அல்ல. உப்பு வரி வசூலிப்பவர்! பெயர் பியர் பால் ரிக்கே. அட்லான்டிக் பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் கால்வாயால் இணைத்துவிட்டால் கப்பல்கள் ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை என்ற ஆசை பல மன்னர்களுக்கு இருந்தது. தடுத்தது ஒரே ஒரு கேள்வி. நடுவில் 189 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அங்கே ஏறிப்போகத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கால்வாயில் ஒவ்வொரு முறை படகு ஏறி இறங்கும்போதும் மேட்டிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் கீழே ஓடிவிடும். அது நிற்காமல் நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரிக்கே கண்டுபிடித்த விடை, பக்கத்திலுள்ள கறுப்பு மலையின் ஓடைகள். அவற்றைச் சிறு வாய்க்கால்களால் பிடித்து, சேன் ஃபெரியோல் என்ற இடத்தில் ஓர் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து நோரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்தார். 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் ஏரி அது. இன்றைக்கும் கால்வாய்க்குப் படியளப்பது அந்த ஏற்பாடுதான். 1666-ல் பதினான்காம் லூயி மன்னர் அனுமதி கொடுத்தார். வேலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 12,000 பேர் மண் வெட்டினார்கள்.

அதில் கணிசமானோர் பெண்கள். கூடை சுமந்தவர்கள் மட்டும் இல்லை. பிரனீஸ் மலைக் கிராமங்களில் சரிவில் தண்ணீரை நடத்திக் கொண்டுபோகத் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். அந்தக் கைப்பழக்கம் கால்வாயின் வடிவத்திலேயே கலந்திருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் சந்திரா முகர்ஜி 2009-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ரிக்கே மழை நாளுக்கும் விடுமுறைக்கும்கூடக் கூலி கொடுத்தார். 17-ஆம் நூற்றாண்டில் இது கேள்விப்படாத விஷயம். தன் சொத்தையெல்லாம் கால்வாயில் போட்டார். 1681 மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஏழு மாதம் முன்பு, 1680 அக்டோபரில், பெரும் கடனை மிச்சம் வைத்துவிட்டு இறந்துபோனார்.

சரி, படகுக்கு வருவோம். வளைந்து போவதெல்லாம் சிரிப்போடு முடிந்துவிடும். கவனமாக இருக்க வேண்டிய இடம் 'லாக்'. உயரமான கால்வாய்க்கும் தாழ்வான கால்வாய்க்கும் நடுவே, இருபுறமும் கதவு வைத்த பெரிய கல் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே ஏற வேண்டிய படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே போகும்; கதவை மூடித் தண்ணீர் விடுவார்கள்; படகு லிஃப்ட் மாதிரி உயரும்; மேல்கதவைத் திறந்ததும் வெளியேறலாம். இந்தக் கால்வாயில் அந்தத் தொட்டிகள் நீள்சதுரமாக இல்லாமல் நடுவயிறு புடைத்த முட்டை வடிவில் இருக்கும். தொடக்கத்தில் கட்டிய ஒரு லாக்கின் நேர்ச்சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காமல் இடிந்து விழுந்ததால், வளைவாகக் கட்டினால் தாங்கும் என்று ரிக்கே மாற்றினார். பார்க்க அழகு. படகைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவதற்குத்தான் அவஸ்தை!

ஏறும்போது ஒருவர் முன்னாலேயே கரையில் இறங்கி மேலே நடந்து போய்விட வேண்டும். படகிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்து, கரையிலுள்ள இரும்புக் கட்டையைச் சுற்றி, நுனியைத் திரும்பப் படகுக்கே கொடுக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கிற மாதிரி உள்ளே பாயும். படகு உயர உயரக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் படகு தொட்டிக்குள் அலையும். இறங்கும்போது நேரெதிர். கயிற்றை மெள்ள விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு போட்டோ எடுக்கப் போனால், தண்ணீர் கீழே இறங்கும், படகு கயிற்றில் தொங்கும். பல டன் எடையுள்ள படகு அது. வாடகைக் கம்பெனிக்காரர்கள் எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், 'லாக்குக்குள் முடிச்சு கூடாது, படகு சுவரில் மோதப் போனால் கையையோ காலையோ கொடுத்துத் தடுக்கக் கூடாது' என்ற இரண்டை மட்டும் குரல் உயர்த்திச் சொல்வார்கள். படகில் விழும் கீறலுக்கு முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள். விரலுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டுத்தான் லாக்கை நெருங்க வேண்டும்.

லாக்கைக் கடக்கத் தனிக் கட்டணம் இல்லை. காவலரின் மதியச் சாப்பாட்டு நேரத்தை மதித்தாக வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டரை மணிக்குக் கதவை மூடினால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார். ஹாரன் அடித்துப் பயனில்லை. ஒரே ஒரு படகுக்காகவும் பெரும்பாலும் திறக்க மாட்டார். இன்னும் ஒன்றிரண்டு வரட்டும் என்பார். அது சோம்பல் இல்லை. கோடை கடுமையாகும் வருடங்களில் மேட்டில் சேர்த்த தண்ணீர்தான் இந்தக் கால்வாயின் பெரிய கவலை.

லாக் என்றாலே பயம் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஆர்ஜான்ஸ் கிராமத்திலிருந்து பெசியே நகரின் வாசல் வரை ஏறக்குறைய 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கூடக் கிடையாது. மலையின் இடுப்பைச் சுற்றிச் சமமட்டமாகக் கால்வாயைக் கொண்டுபோயிருக்கிறார்கள். புதியவர்கள் இந்தப் பகுதியில் தொடங்குவதே புத்திசாலித்தனம். ரெப்யூத்ர் என்ற ஓடைக்கு மேலே பாலம் கட்டி, அந்தப் பாலத்தின் மேல் கால்வாயை ஓட்டியிருக்கிறார் ரிக்கே. கீழே ஓர் ஆறு, மேலே நம் படகு. லெ சொமாய் கிராமத்தில் கல்பாலத்தின் அருகே படகைக் கட்டிவிட்டுப் பழைய புத்தகக் கடையில் அரை நாள் தொலைக்கலாம். காபெஸ்தாங் பாலம் மிகவும் தாழ்வு. மொட்டைமாடியிலிருந்து ஓட்டுபவர்கள் குடையை மடக்கி, கண்ணாடியைச் சாய்த்து, தலையையும் குனிந்துகொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் மால்பா குகை. நொறுங்கும் மணற்பாறை, குடைய முடியாது என்று எல்லோரும் சொன்ன குன்றை 1679-ல் குடைந்து, சுமார் 165 மீட்டர் வழி எடுத்தார்கள். ஐரோப்பாவில் படகுக்காக வெட்டப்பட்ட முதல் குகைப்பாதை அதுதான்.

54 கிலோமீட்டர் சும்மா விட்டதற்கெல்லாம் சேர்த்து பெசியேயில் வாங்கிக்கொள்கிறார்கள். ஃபோன்செரான் என்ற இடத்தில் லாக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கட்டு போல நிற்கின்றன. 300 மீட்டர் தூரத்துக்குள் 21 மீட்டருக்கு மேல் இறக்கம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி நேரம் வைத்திருக்கிறார்கள். இரு கரையிலும் சுற்றுலாக் கூட்டம் ஐஸ்கிரீமோடு நின்று வேடிக்கை பார்க்கும். கணவர் ஸ்டீயரிங்கில், மனைவி கயிற்றில் என்று ஆரம்பித்த பல படகுகளில் இந்த இடத்துக்குள் பொறுப்புகள் இடம் மாறியிருக்கும்.

கால்வாயில் உல்லாசமாகப் போனவர்களில் பழையவர் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், பிரான்ஸில் தூதராக இருந்த 1787-ல் இந்த வழியே வந்தார். தன் குதிரை வண்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வண்டியை அப்படியே படகில் ஏற்றி, அதற்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டே போனார். பெரும்பாலான நேரம் இறங்கிக் கரையில் நடந்தார். படகை ஒரு குதிரை இழுத்தது.

ரயில் வந்தபின் சரக்குப் படகுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நின்றே போயின. அந்த நேரத்தில் கால்வாய்க்குப் புது வாழ்வு கொடுத்தவை இந்த வாடகைப் படகுகள்தான். 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தக் கால்வாயின் போட்டோவைப் பார்த்தவர்கள் கால்வாயைவிட மரங்களைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். இரு கரையிலும் 'பிளேன்' மரங்கள் கைகோத்து நிற்க, பச்சைக் குகைக்குள் படகு போகும் படம். 42,000 மரங்கள் இருந்தன. 2006-ல், ட்ரெப் ஊர்ப் பக்கம், ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு அது ஐரோப்பாவுக்கு வந்தது என்பது பொதுவான கருத்து. மருந்து இல்லை. பிடித்த மரத்தை வெட்டி, அங்கேயே எரிப்பது ஒன்றுதான் வழி. பாதிக்கு மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. மைல் கணக்கில் நிழலே இல்லாத பகுதிகள் இருக்கின்றன. பழைய போட்டோவை நம்பி வருபவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சி.

இதில் வாடகைப் படகுக்கும் பங்கு உண்டு. நோயின் வித்துகள் தண்ணீரில் மிதந்து வரும். படகு கரையில் உரசி வேரைக் காயப்படுத்தினால் அந்தக் காயத்தின் வழியாக மரத்துக்குள் போகும். மரத்தில் கயிறு கட்டினால் பட்டை தேயும். அடுத்த ஊரில் அடுத்த மரத்துக்கும் அதே கயிறு. எனவே மரத்தில் படகைக் கட்டுவது தடை. படகோடு இரண்டு இரும்பு முளையும் ஒரு சுத்தியலும் கொடுப்பார்கள். கரையில் அடித்து அதில்தான் கட்ட வேண்டும். சாயங்காலம் அலுத்துப்போய் வரும்போது, கைக்கெட்டும் தூரத்தில் பருத்த மரம் நிற்க, குனிந்து முளை அடிப்பது எரிச்சலான வேலைதான். வெட்டிய இடங்களில் ஓக் உள்ளிட்ட வேறு மரங்களை நட்டு வருகிறார்கள். அவை கால்வாய்க்குக் குறுக்கே கிளை நீட்ட இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடிவிடுவார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை படகு கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் வாடகையும் வெயிலும் உச்சம். மே, ஜூன், செப்டம்பர் உத்தமம். வாடகை பெரும்பாலும் வாரக் கணக்கில். டீசலுக்கு இன்ஜின் ஓடிய மணி நேரத்தை வைத்துக் கடைசியில் தனியாக வாங்குவார்கள். அதை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் திட்டம் போட்டால் விடுமுறை வேலையாகிவிடும். இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. கால்வாயில் நீந்தவும் கூடாது.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, அடுப்பு படகிலேயே இருக்கிறது. காஸ்தெல்நோதரி ஊரின் பெருமை, 'கசூலே' என்ற வெள்ளை பீன்ஸ் பதார்த்தம். பீன்ஸ் என்று நம்பிச் சைவர்கள் ஆர்டர் செய்துவிட வேண்டாம். உள்ளே வாத்தும் பன்றியும் இருக்கும். ஊருக்கு ஊர் வாரச் சந்தையில் காய்கறி, பழம் அருமையாகக் கிடைக்கும். அரிசி, பருப்பு, ரசப்பொடி போதும். நெய் பாட்டிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பால் பொருள்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடாது.